கரைக்கு வராத பழக்கடைக்காரன்

நாணல்குளத்து மருதமரத்தடியில் விலங்குகள் கடை போட்டிருந்தன. நீர்நாய் செவ்வந்தி மீனும் நண்டும் விற்றாள். முள்ளம்பன்றி சடையாண்டி கிழங்கு விற்றார். கரடி பூவலிங்கம் தேன் விற்றார். குளத்தில் தண்ணீர் குடிக்க வரும் மானும் முயலும் கீரியும் கொக்கும் அப்படியே கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். தானியமோ சுள்ளியோ இளம்புல்லோ, தன்னிடம் இருப்பதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளும்.

ஓர் ஆடி மாதத்தில் அந்தச் சந்தைக்கு மாசானம் என்ற மரநாய் வந்து சேர்ந்தான். மேற்கு மலையில் தீப்பிடித்து, அவன் குடியிருந்த பலாமரம் கரிக்கட்டையாகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த தொழில் பழம்தான். எந்தப் பழம் என்றைக்குக் கனியும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவான். மருதமரத்தின் ஓரமாக ஓர் இடம் பிடித்து, வாழையிலையில் நாவற்பழத்தையும் கொய்யாவையும் அடுக்கிவைத்து உட்கார்ந்தான். மரநாய்கள் பகலில் தூங்குகிற இனம். மாசானம் வியாபாரத்துக்காகப் பகலில் விழித்திருக்கப் பழகிக்கொண்டான்.

யாரும் வாங்கவில்லை. பழத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் மரநாய் என்றால் மரமேறித் திருடுகிறவன் என்று முயல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. மான்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போயின. விற்காத பழத்தை அவனே தின்றான். கொட்டைகளைக் கடைக்குப் பின்னால் துப்பினான். இப்படியே போனால் மழைக்காலத்துக்கு என்ன சேர்த்து வைப்பது என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்துக் கடையில் இருந்த செவ்வந்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கடையைக் கட்டும்போது, மறுநாள் விடிந்ததும் காலைக்கூட்டத்துக்கு வரும்படி அவனை அழைத்தாள்.

காலைக்கூட்டம் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒருநாள் கடை திறப்பதற்கு முன்னால் வியாபாரிகள் மரத்தடியில் கூடுவார்கள். அவரவர் காட்டில் கண்டதையும் கேட்டதையும் சொல்வார்கள். கீழ்க்காட்டு முயல் வீட்டில் குட்டிகள் பிறந்திருக்கின்றன, கிழங்கு தேவைப்படும் என்று கரடி சொல்லுவார். வடக்கே கீரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, தேன் கேட்கும் என்று முள்ளம்பன்றி சொல்லுவார். தன்னிடம் இல்லாததை ஒருவர் கேட்டால் அடுத்த கடையைக் கைகாட்டுவார்கள். பிறகு பொது வேலை ஏதாவது இருந்தால் பேசுவார்கள். பாதையில் மரம் விழுந்திருக்கும். குளத்துப் படித்துறையில் பாசி பிடித்திருக்கும். யார் யார் வருவது என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தில் மாசானம் கூச்சத்தோடு ஓரமாக நின்றான். செவ்வந்தி அவனை முன்னால் இழுத்துவிட்டு, தீயில் வீட்டை இழந்து வந்திருக்கிறான், நல்ல பழம் வைத்திருக்கிறான், வருகிறவர்களிடம் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். சொன்னபடி செய்தார்கள். தேன் வாங்க வந்த குரங்குகளைக் கரடி பழக்கடைக்கு அனுப்பினார். கிழங்கு வாங்க வந்த காட்டுப்பன்றிகளிடம் சடையாண்டி, “அந்தக் கொய்யாவையும் ஒருதடவை தின்னு பாருங்க” என்றார். ஆவணி முடிவதற்குள் மாசானத்தின் வாழையிலை மதியத்துக்கே காலியாகத் தொடங்கியது.

மாசானம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட பாடம்தான் கோணலாக இருந்தது. வியாபாரத்துக்கு வேண்டியது பழக்கம், பழக்கத்துக்கு வேண்டியது பேச்சு என்று முடிவுகட்டினான். அதன்பிறகு ஒரு கூட்டத்தையும் அவன் விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, எல்லோரையும் உறவுமுறை சொல்லி அழைத்தான். கரடியின் தேனைப் போல உலகத்தில் தேன் இல்லை என்றான். முள்ளம்பன்றியின் முட்களின் மினுமினுப்பைப் புகழ்ந்தான். தேக்கிலையில் தன் கால்தடத்தைப் பதித்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தான். “இந்தத் தடம் எங்கே இருக்கோ அங்கேதான் நம்ம கடை. மறந்துடாதீங்க.”

காதையும் தீட்டி வைத்துக்கொண்டான். ஒருநாள் கூட்டத்தில் கரடி, ஓடைப்பக்கத்து முயல்கள் தங்கள் வீட்டில் நடக்கும் விருந்துக்குக் கிழங்கு தேடுகின்றன என்று சடையாண்டியிடம் சொன்னார். சடையாண்டி கிழங்கைத் தோண்டிக் கழுவி, கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். போய்ப் பார்த்தால் வளை முழுக்கப் பழம். மாசானம் கூட்டம் முடிந்த கையோடு ஓடியே போய் விற்றுவிட்டு வந்திருந்தான்.

முயல்கள் சங்கடப்பட்டன. சடையாண்டி கிழங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கூட்டத்தில் கேட்ட செய்தியை வைத்து முந்திக்கொள்ளக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை என்பதால் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவும் இல்லை.

பாதையைச் செப்பனிடும் நாளில் மாசானத்துக்கு வயிற்றுவலி வந்தது. படித்துறையில் பாசி வழிக்கும் நாளில் காட்டுக்குள் சீத்தா பழுத்திருந்தது, பறிக்கப் போய்விட்டான். அடுத்த கூட்டத்தில், “என்னால வர முடியலையேன்னு எனக்கே மனசு கேக்கலை” என்று எல்லோருக்கும் முன்பாகச் சொல்லி வருத்தப்பட்டான். அப்படியே அந்த வாரம் என்ன பழம் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டான்.

ஐப்பசி மழை அந்த வருடம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து குளம் நிரம்பியது. ஒருநாள் மாலை செவ்வந்தி தண்ணீருக்குள் முங்கிப் போனபோது, கரையின் அடியில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிவதைக் கண்டாள். கைவைத்துப் பார்த்தாள். மண் கூழாக இருந்தது. இன்னொரு மழைக்குக் கரை தாங்காது. கரை உடைந்தால் குளம் ஒரு பொழுதில் வற்றிவிடும். தண்ணீர் இல்லாத குளத்துக்கு எந்த மானும் வராது. மருதமரத்தடியில் ஒரு கடையும் இருக்காது.

அவள் ஈரம் சொட்டச் சொட்டக் கடைகடையாகப் போனாள். விடிந்ததும் எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும், நாளைக்குக் கடை இல்லை என்றாள். கரடி அப்போதே கல் தூக்கக் கிளம்பினார். பழக்கடைக்கு வந்ததும் மாசானம் முகத்தைச் சுருக்கினான்.

“அக்கா, நீங்க மீனை அப்படியே தண்ணிக்குள்ள விட்டுடலாம். சடையாண்டி அண்ணாச்சி கிழங்கு மண்ணுக்குள்ள கிடக்கும். என் பழம் ஒருநாள் வெச்சா அழுகிடுமே.”

வாதாடச் செவ்வந்திக்கு நேரமில்லை. அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

பழம் அழுகும் என்பது பொய்யில்லை. ஆனால் மாசானத்தின் மனதில் வேறொரு கணக்கும் ஓடியது. எல்லாக் கடையும் மூடியிருக்கும். வருகிறவர்கள் அத்தனை பேரும் தன் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இருப்பதிலேயே நல்ல பழங்களாகப் பொறுக்கி முன்வரிசையில் அடுக்கினான்.

விடிந்தது. முதலில் முத்தாலு என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வந்தாள். மற்றக் கடைகள் ஏன் மூடிக் கிடக்கின்றன என்று கேட்டாள். கரையில் ஏதோ வேலையாம் என்று மாசானம் சொல்லிவிட்டு ஒரு கொய்யாவை நீட்டினான். முத்தாலு கொய்யாவை வாங்கவில்லை. காதை நிமிர்த்திக் கரைப்பக்கம் பார்த்தாள். “கரையிலயா?” என்று கேட்டுவிட்டு அந்தத் திசையில் ஓடினாள். குட்டியும் பின்னால் ஓடியது.

அடுத்து முயல்கள் வந்தன. அவையும் கேட்டன, அவையும் ஓடின. காட்டுப்பன்றிகள் கேட்கக்கூட இல்லை. கல் உருளும் சத்தம் கேட்ட பக்கமாக நேரே போய்விட்டன. போன யாரும் திரும்பி வரவில்லை. மாசானம் தன் முன்வரிசைப் பழங்களுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ வழுக்கி விழுந்திருப்பார்கள் போலிருக்கிறது.

கரையில் பெரும் வேலை நடந்தது. கரடி கல்லைத் தூக்கிப் போட்டார். பன்றிகள் மூக்கால் மண்ணைத் தள்ளின. முயல்கள் பின்னங்கால்களால் மிதித்து இறுக்கின. செவ்வந்தி தண்ணீருக்குள் முங்கிப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டி, எங்கே இன்னும் கசிகிறது என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். முத்தாலுவின் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. சடையாண்டி தன் நகங்களால் மண்ணைத் தோண்டி அவளை விடுவித்தார். மழை மறுபடி தூறத் தொடங்கும்போது கசிவு நின்றிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மாசானத்துக்குக் கடையில் இருக்க முடியவில்லை. இப்போது போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினான். பிறகு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. விற்காத பழங்களைக் கூடையில் போட்டு, தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான். எல்லோரும் சேறு அப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பழம் கொடுத்தான். பசி நேரம். எல்லோரும் வாங்கித் தின்றார்கள், நன்றி சொன்னார்கள். அதோடு அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

“நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க. இதைவிட நல்ல பழம் வருது” என்றான்.

சடையாண்டியின் முட்கள் சிலிர்த்து எழுந்தன. பிறகு மெல்லத் தணிந்தன. கரடி கையிலிருந்த கொய்யாவைத் தின்று முடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து சந்தையில் வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. முயல்கள் சடையாண்டியிடம் கிழங்கு வாங்க வந்தால் கிழங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. கரையில் கரடி வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போயின. கால் வலிக்கிறதா என்று பன்றிகள் முத்தாலுவைக் கேட்டன. பழக்கடைப்பக்கம் மட்டும் கூட்டம் குறைந்தது. யாரும் முகம் திருப்பவில்லை. பார்த்தால் தலையாட்டினார்கள். ஆனால் நிற்காமல் போனார்கள். கார்த்திகை பிறந்தபோது மாசானத்தின் வாழையிலை மாலைவரை நிறைந்தே கிடந்தது.

ஒருநாள் அவன் பொறுக்க முடியாமல் செவ்வந்தியிடம் போனான். அவள் மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் யாருக்காவது கெடுதல் பண்ணினேனா?”

“இல்லையே.”

“பிறகு எல்லாரும் என்னைப் பத்தி என்ன சொல்றீங்க?”

“ஒண்ணும் சொல்லலை, தம்பி. அதுதான் சங்கதி” என்றாள் செவ்வந்தி. “முன்னால, புதுசா வந்தவன், பாத்துக்கோங்கன்னு சொன்னோம். இப்ப நீ புதுசு இல்லையே. உன்னைப் பத்தித் தப்பாச் சொல்ல ஒண்ணுமில்லை. நல்லதாச் சொல்லவும் ஒண்ணுமில்லை. யாராவது கேட்டா நாங்க என்னன்னு சொல்லுவோம்?”

அதற்குள் ஒரு கொக்கு மீன் கேட்டு வந்து நின்றது. அவள் அந்தப்பக்கம் திரும்பிவிட்டாள்.

மாசானம் தன் கடைக்கு வந்து உட்கார்ந்தான். முதலில் கோபம் வந்தது. எத்தனை பேருக்குத் தேக்கிலை கொடுத்தேன், எத்தனை பேரைப் புகழ்ந்தேன் என்று மனதுக்குள் அடுக்கினான். அப்படி அடுக்கும்போதே, இந்த ஊரில் தன்னால் ஒரு கல் இங்கிருந்து அங்கே நகர்ந்ததில்லை என்பதும் தெரிந்தது.

சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் பின்னால் துப்புரவு செய்யப் போனான். அவன் துப்பிய நாவற்கொட்டைகள் மழையில் முளைத்துத் திட்டுத்திட்டாக நின்றன. களை என்று ஒன்றைப் பிடுங்கியவன், வேரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். செடி விரல் உயரம்தான். வேரோ அதைவிட நீளம். அவனுக்குக் குளத்துக் கரை நினைவுக்கு வந்தது. அங்கே புதிதாகப் போட்ட மண் இன்னும் இளகித்தான் கிடந்தது. அதன் மேல் பிடித்துக்கொள்ள ஒரு புல்கூட இல்லை.

அன்று மாலை கடையைக் கட்டிய பிறகு, ஒரு கூடைச் செடியோடு கரைக்குப் போனான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் வியாபாரத்துக்கு என்று நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாக நட்டான். அவனுக்குத் தோண்டிப் பழக்கமில்லை. நகம் பிய்ந்தது. பாதிச் செடிகள் மறுநாள் காலையில் சாய்ந்து கிடந்தன. மறுபடி நட்டான்.

கிழங்கு தோண்டப் போகும் வழியில் சடையாண்டி இதைப் பார்த்தார். முள்ளம்பன்றிகளுக்கு இளம் வேர் என்றால் உயிர். அவர் செடிகளைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார். வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டார். கிட்டே வந்து, ஒரு குழியைச் சரியான ஆழத்துக்குத் தோண்டிக் காட்டினார்.

“மேலாக நட்டா நிக்காது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மழை நின்று வெயில் வந்ததும் செடிகள் வாடின. மாசானம் காலையிலும் மாலையிலும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். ஒருநாள் அவன் வரும்போது, முத்தாலுவின் குட்டி வரிசையில் நின்ற செடிகளின் கொழுந்துகளை மேய்ந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. கத்த வாயைத் திறந்தான். குட்டி நடுங்கிப்போய், கொழுந்து வாயில் தொங்க அவனைப் பார்த்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். மிச்சச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.

பின்னாலேயே முத்தாலு நொண்டிக்கொண்டு ஓடிவந்தாள். குட்டியைத் திட்டினாள். அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். “நீங்க பழக்கடைக்காரர்தானே?” என்றாள்.

“ஆமா” என்றான் மாசானம்.

அடுத்து அவன் பழத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ கால் ஏன் நொண்டுகிறது என்று கேட்டான். அவள் கரையில் கல்லில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். ஊருக்கே தெரிந்த கதை அது. மாசானம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு, “அன்னிக்கு நான் வரலை” என்றான். “பழம் அழுகும்னு சொன்னேன். அது மட்டும் காரணமில்லை. எல்லாரும் என் கடைக்கே வருவீங்கன்னு நெனச்சேன்.”

முத்தாலு வேலியில்லாத அந்தச் செடி வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் தன் மந்தையோடு வந்தாள். ஒவ்வொரு மானின் வாயிலும் ஒரு காய்ந்த உடைமரத்து முள்கிளை இருந்தது. செடிகளைச் சுற்றி அதைப் போட்டு வேலி கட்டின. குட்டிகளை நம்ப முடியாது என்றாள் முத்தாலு.

கோடை முழுக்க மாசானம் தண்ணீர் ஊற்றினான். குளத்துக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு சிரட்டை ஊற்றிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஊற்றும்போது பேசினார்கள். யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யார் குட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. முன்பும் அவன் இதையெல்லாம் காலைக்கூட்டத்தில் கேட்டவன்தான். அப்போது அவன் காதில் விழுந்தது யாருக்கு என்ன விற்கலாம் என்பது மட்டும். இப்போது தொண்டை கட்டிய கீரிக்குத் தேன் தேவை என்று கேட்டால், கரடியிடம் போய்ச் சொன்னான். பாதையில் மரம் விழுந்தபோது, அதைத் தூக்க, பக்கத்து மரத்தின் கிளையில் கயிறு கட்ட ஏறியவன் அவன்தான். அவனைப் போல மரமேற வியாபாரிகளில் வேறு யாரும் இல்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. மழை போன வருடத்துக்குக் குறையாமல் கொட்டியது. கரை நின்றது. நின்றதற்கு அந்த நாவற்செடிகள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கல்லும் மண்ணும் அவ்வளவு கெட்டியாகப் போட்டிருந்தார்கள். ஆனால் மழை அரிக்காமல் மேல்மண்ணை வேர்கள் பிடித்துக்கொண்டிருந்ததைச் செவ்வந்தி தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொன்னாள். மாசானம் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று அவன் தன் பழத்தைப் பற்றிப் பேச மறந்துபோனான்.

சில நாள் கழித்து முத்தாலு சந்தைக்கு வந்தாள். அவள் குட்டிக்கு முதல் கொம்பு முளைத்திருந்தது. மறுநாள் மந்தைக்கே விருந்து. சடையாண்டியிடம் கிழங்கு சொல்லிவிட்டு, பழமும் வேண்டும், எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. விருந்தென்றால் பெரியவர் ஒருவரிடம் கேட்டுச் செய்வது வழக்கம்.

சடையாண்டி கிழங்கைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “எங்கே போவ? நம்ம மாசானத்துகிட்டதான். நல்ல பையன். நம்பி வாங்கலாம்.”

பக்கத்தில் இருந்த மாசானத்துக்கு அது கேட்டது. கையிலிருந்த சீத்தாப்பழத்தைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். முத்தாலு வந்து எதிரே நின்றதும் அந்தப் பழத்தை ஒதுக்கி வைத்தான்.

“கொய்யா எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க. சீத்தாப்பழம் மட்டும் வேண்டாம். நாளைக்குக் கனியாது. இனிப்புக்குப் பூவலிங்கம் அண்ணாச்சிகிட்ட தேன் வாங்கிக்கோங்க. புதுத்தேன் வந்திருக்கு.”

முத்தாலு தேன்கடைக்குப் போனாள். மாசானம் கொய்யாவைக் கூடையில் அடுக்கத் தொடங்கினான்.

ஊரார் வாயில் நம் பெயர் நல்லபடியாக வரவேண்டுமென்றால், ஊர் வேலையில் நம் கை முதலில் இருக்க வேண்டும்.